நொச்சிப்புதூருக்கு வராத கார்

டாக்ஸிக்காரர் சென்னியப்பனின் பழைய அம்பாசடருக்கு ஜீப்பின் சக்கரங்களை மாட்டிய ஆடி மாதத்திலிருந்து, அவர் ஊரான மூலச்சத்திரத்துக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் இருந்த நொச்சிப்புதூர் என்கிற ஊர் அந்தக் காருக்கு மட்டும் இல்லாமல் போயிற்று. பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஊர் இருந்தது. மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும், மேய்ந்துவிட்டுத் திரும்புகிற வெள்ளாட்டுக்கும்கூட இருந்தது. சென்னியப்பனின் கார் மட்டும் இறக்கை ஒடிந்த காற்றாலையைத் தாண்டியதும் அடுத்த நொடியில் ஓட்டுக் கம்பெனியின் புகைபோக்கிக்கு முன்னால் போய் நிற்கும். நடுவில் இருக்க வேண்டிய விநாயகர் கோயிலும் தேங்காய்க் களமும் ரேஷன் கடையும் மூன்று தெருக்களும், அந்தக் கடைசித் தெருவில் இருந்த அவருடைய ஒரே தங்கை மயிலாத்தாளின் வீடும் வழியில் வராது.

சக்கரம் மாட்டியதில் யாருக்கும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. வண்டி பழசு, வீல் டிஸ்க் துருப்பிடித்து விரிசல் விட்டிருந்தது, அந்த அளவு டயர் கடைக்காரர்களுக்கே மறந்துபோயிருந்தது. மாதா கோயிலுக்கு எதிரில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் இன்னாசிமுத்து, வாய்க்காலில் கவிழ்ந்து காயலான் கடைக்கு வந்த ஒரு ஜீப்பிலிருந்து நான்கு சக்கரங்களைக் கழற்றி வந்தான். போல்ட் துளைகள் ஒத்துப்போகவில்லை; புதிதாகத் துளை போட்டான். சக்கரம் மட்கார்டில் இடித்தது. மட்கார்டை வளைத்து அறுத்தான். எல்லாம் முடிந்து ஜாக்கியை இறக்கியபோது கார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு நிற்கிற ஆள்போல் உயரமாக நின்றது.

"வீலு பெருசுங்கண்ணா. வண்டி ஓடற தூரத்தவிட மீட்டரு கம்மியாத்தான் காட்டும். பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லித்தான் சாவியைக் கொடுத்தான் இன்னாசிமுத்து.

வேறு டாக்ஸிக்காரராக இருந்தால் அந்த வித்தியாசத்தை மனக்கணக்காகப் போட்டுக்கொண்டு போயிருப்பார். சென்னியப்பன் டாக்ஸி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து மீட்டரில் கை வைக்காதவர், மீட்டர் சொன்னதற்கு மேல் ஒரு சொல் சொல்லாதவர். அப்படிப்பட்ட மனிதரிடம் இத்தனை வருஷம் இருந்த வண்டிக்கு, மீட்டர் ஒன்று சொல்லி ரோடு வேறொன்று சொன்னால், யார் பக்கம் நிற்பது என்பதில் சந்தேகமே வரவில்லை போலும். மீட்டர் பொய்யாகிவிடக் கூடாது என்று ரோடுதான் குறைந்துகொடுத்தது. வழியில் உள்ள எல்லா ஊர்களும் ஆளுக்கு ஒரு முழம் விட்டுக்கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தூரத்துக்கு அந்த அளவு சாமர்த்தியம் இல்லை, ஒரே ஊராக எடுத்துக்கொண்டுவிட்டது.

முதல் சில வாரங்கள் சென்னியப்பனுக்கே இது பிடிபடவில்லை. சீக்கிரம் போய்ச் சேர்கிறோம், சக்கரம் பெரியது, அதனால்தான் என்று நினைத்தார். நொச்சிப்புதூர் எப்போது வந்தது எப்போது போனது என்று யோசித்தால், பேச்சு சுவாரஸ்யத்தில் கவனிக்கவில்லை என்று மனசு சமாதானம் சொன்னது. அந்தச் சமாதானத்தோடுதான் ஆவணியில் தங்கை மகள் கல்யாணத்துக்குச் சீர் கொண்டு புறப்பட்டார்.

அந்தப் பக்கத்தில் தாய்மாமன் சீர் வராமல் பெண்ணை மணவறையில் உட்கார வைக்க மாட்டார்கள். மாமன் கொண்டுவரும் சேலையைத்தான் பெண் முகூர்த்தத்துக்கு உடுத்த வேண்டும். சென்னியப்பனுக்கு மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம், பிள்ளை குட்டி கிடையாது; மயிலாத்தாளும் அவள் மகள் தாரணியும்தான் அவருக்கு இருந்த சொந்தம். விடிந்ததும் விடியாததுமாகக் காரைக் கழுவி, மாலை போட்டு, தேங்காய் பழத் தட்டுகளையும் வெல்லத்தையும், காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்துவந்த அரக்குப் பட்டுச் சேலையையும் பின்சீட்டில் வைத்தார். சொந்தக்காரர்கள் ஒரு வேனில் ஏறினார்கள். வண்டியில் புதுச் சக்கரம் போட்டு இன்னும் பழகவில்லையே, நீங்களும் வேனில் வாருங்களேன் என்று யாரோ சொன்னதற்கு, மாமன்காரன் சீரோடு வேனில் போய் இறங்கினால் மாப்பிள்ளை வீட்டார் சிரிக்க மாட்டார்களா என்று எல்லோரும் சொன்னவர் வாயை அடைத்தார்கள். கார் முன்னால் போயிற்று, வேன் பின்னால் போயிற்று.

வேன் நொச்சிப்புதூருக்குப் போய்ச் சேர்ந்தது. கார் சேரவில்லை. காற்றாலை, புகைபோக்கி, திருப்பினால் புகைபோக்கி, காற்றாலை. சென்னியப்பன் அன்று காலை முழுவதும் அந்தச் சாலையில் போவதும் வருவதுமாக இருந்தார். பட்டும் தட்டும் பின்சீட்டில் குலுங்கின, மாலை வாடியது, வெயில் ஏறியது. கடைசியில் காற்றாலைக்கு அடியில் வண்டியை நிறுத்திவிட்டு, எதற்கும் நடந்து பார்ப்போம் என்று இறங்கி நடந்தார். நடந்தால் ஊர் இருந்தது. கோயில் இருந்தது, களத்தில் தேங்காய் காய்ந்தது, மூன்றாவது தெருவில் பந்தல் இருந்தது. பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது.

மயிலாத்தாள் அண்ணனின் வேர்வையைப் பார்த்தாள், பிறகு வெறுங்கையைப் பார்த்தாள்.

"கைய வீசிக்கிட்டு வந்திருக்கீங்களாண்ணா?"

"ஊரு வரலே மயிலு. எத்தன தடவ வந்தாலும் ஊரே வரலே."

"ஊரு எங்கீங்க போகும்? வேன்ல வந்தவங்க அத்தன பேரும் எங்களுக்கு முன்னாலதான் போனாருன்னு சொல்றாங்க. மணவறையில எம்புள்ள அடுத்தவங்க சேலையக் கட்டிட்டு உக்காந்துச்சுங். அழுகக்கூட நேரமில்ல." அவள் குரல் உயரவில்லை, அதுதான் சென்னியப்பனுக்குப் பயமாக இருந்தது. "அந்தச் சேலை, அந்தத் தட்டு, அந்தக் காரு. மூணும் என்ற வாசல்ல வந்து நிக்கட்டும், அன்னிக்கு நீங்க எனக்கு அண்ணன். இப்பிடி நடந்து வந்தீங்கன்னா கதவு தொறக்காதுங்."

சொன்னபடியே பொங்கலுக்கு நடந்து போனவருக்குக் கதவு திறக்கவில்லை.

அங்கிருந்து சென்னியப்பன் நேராகப் பட்டறைக்குப் போய், இந்தச் சக்கரம் வேண்டாம், பழைய அளவிலேயே எங்காவது தேடிப் போடு என்றார். அச்சில் துளை போட்டாயிற்று, இனிப் பழைய அளவு வீல் அதில் உட்காராது, அறுத்தது அறுத்ததுதான் என்று இன்னாசிமுத்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். வேண்டுமானால் அச்சோடு மாற்றலாம், தேடிப் பார்க்கிறேன் என்றான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பள்ளிக்கூட வாத்தியாரைப் பாம்பு கடித்துவிட்டதென்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேறு எந்த வண்டியில் போயிருந்தாலும் நொச்சிப்புதூர் தாண்டும்போது உயிர் போயிருக்கும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். சென்னியப்பனின் காரில் நொச்சிப்புதூரே இல்லாததால் வாத்தியார் பிழைத்தார்.

அதோடு அந்தச் சக்கரம் ஊர்ச் சொத்தாகிவிட்டது. பிரசவ வலி கண்டவர்களும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்களும் அதில்தான் போனார்கள். பிறகு அவசரமே இல்லாதவர்களும் போனார்கள். மூலச்சத்திரத்தில் வாங்கிய மல்லிகை கோயம்புத்தூரில் மொக்காகவே இறங்கியது. காரில் ஏறினாலே வாந்தி எடுக்கும் மளிகைக் கடைக்காரர் மனைவி, தான் எப்போதும் நொச்சிப்புதூரில்தான் வாந்தி எடுப்பது, அந்த ஊரே இல்லாதபோது எங்கே எடுப்பது என்று நிம்மதியாகப் போய் வந்தாள். நொச்சிப்புதூரில் பெண் எடுத்த மருமகன்கள் மாமியார் வீட்டுக்குப் போகாததற்குக் காரைக் காரணம் காட்டினார்கள். நொச்சிப்புதூர்க்காரர்களுக்கு ரோஷம் வந்து, அந்தக் காரில் ஏறுவதில்லை என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள். ஏறினாலும் அவர்களால் இறங்க முடியாது என்பதால் அந்தக் கட்டுப்பாட்டை யாரும் மீறவில்லை. இது எப்படி நடக்கிறது என்று கேட்டவர்கள் ஒருவரும் இல்லை. கார் எப்போது காலியாக இருக்கும் என்றுதான் கேட்டார்கள்.

சென்னியப்பன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார். மாற்று அச்சு கிடைத்திருப்பதாக இன்னாசிமுத்து ஒருநாள் சொன்னபோது, வேண்டாம் என்றுவிட்டார். பின்சீட்டில் ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும்போது, எனக்குத் தங்கை வேண்டும், ரோடு நீளமாக இருக்கட்டும் என்று நினைக்க அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, காலிக் காரில், வாய்விட்டே அழுதுகொண்டு வந்த நாட்களும் உண்டு. பட்டுச்சேலை அவர் வீட்டு அலமாரியில் வேப்பிலைக்கு நடுவே இருந்தது.

அப்படி ஒருநாள் திரும்பும்போது சக்கரத்தில் காற்று இறங்கி வண்டி ஒரு பக்கம் இழுத்தது. பார்த்துப் போகலாம் என்று மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தவர், காற்றாலைக்கு இந்தப் பக்கம் ஒரு பனைமரத்தைக் கண்டு பிரேக்கை மிதித்தார். அது நொச்சிப்புதூர் எல்லைப் பனை. அதன் பக்கத்தில் விநாயகர் கோயில் மதில் ஒரு முழ நீளத்துக்குத் தெரிந்து, அதற்கு மேல் இல்லாமல் போயிருந்தது.

"காத்து எறங்குனா வீலு சின்னதாகுதல்லங்கண்ணா. வீலு சின்னதானா மீட்டரு கூட ஓடும்" என்றான் இன்னாசிமுத்து, பஞ்சர் ஒட்டிக்கொண்டே. "டயரு தேஞ்சாலும் அதே கதைதான். தேயத் தேய உங்க மீட்டரு சரியாயிரும் பாருங்க."

அன்று முதல் சென்னியப்பன் டயர் தேய்வதற்காகக் காத்திருந்தார். உலகத்தில் எந்த டாக்ஸிக்காரரும் அப்படிக் காத்திருந்திருக்க மாட்டார். கல் ரோடாகப் பார்த்து ஓட்டினார், கூப்பிட்ட சவாரிக்கெல்லாம் போனார், சவாரி இல்லாத நாளில் சும்மாவே போய் வந்தார்; ஒரு மழைக்காலம் போனதும் பனைமரம் காற்று குறையாமலே நிலையாக வந்தது, வெயில் காலத்தில் கோயில் மதில் முழுதும் வந்து பிள்ளையாரும் வந்தார், அடுத்த மழைக்குள் தேங்காய்க் களமும் முதல் தெருவும், பிறகு இரண்டாவது தெருவும் வந்தன, களத்தில் தேங்காய் உரிக்கிறவர்கள் வெகுநாள் கழித்து வெளியூர் போய் வந்த ஆளைப் பார்ப்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டினார்கள். கோயம்புத்தூர் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போனதை மூலச்சத்திரத்துக்காரர்களும் கவனித்தார்கள். சென்னியப்பனுக்கு வயதாகிவிட்டது, முன்போல் ஓட்டுவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை.

டாக்ஸி ஸ்டாண்டுத் தலைவர் ராக்கியண்ணன்தான் கடைசியில் குனிந்து டயரைப் பார்த்தார். அவர் குனிவது லேசான காரியமில்லை, அப்படி ஒரு உடம்பு. பார்த்துவிட்டு எழுந்துபோனார். ஆயுத பூஜை அன்று ஸ்டாண்டில் வண்டிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை படைத்திருந்தபோது, சென்னியப்பனின் காருக்கு முன்னால் பளபளவென்று நான்கு புது டயர்கள் மாலையோடு அடுக்கியிருந்தன. பாம்புக்குத் தப்பித்த வாத்தியார் முதற்கொண்டு அந்தக் காரால் பிழைத்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து எடுத்தது. இன்னாசிமுத்து ஜாக்கியோடு தயாராக நின்றான்.

சென்னியப்பன் அந்த டயர்களைப் பார்த்து நின்ற நிற்பைக் கண்டு, சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"இன்னும் ஒரு வருசம் பொறுங்க" என்றார் அவர்.

"மொட்டையாக் கெடக்குது சென்னியப்பா" என்றார் ராக்கியண்ணன். "மழ பேஞ்சா வழுக்கும். உன்ற உசுரு போனா நாங்க அழுதுட்டுப் போயிருவோம். உள்ள இருக்கற நோயாளிக்கு யாரு பதில் சொல்றது?"

அது நியாயம் என்று சென்னியப்பனுக்குத் தெரிந்தது. அப்போதுதான் அவர் முதல்முறையாக எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சீர் போகாதது, சேலை அலமாரியில் இருப்பது, கதவு திறக்காதது, டயர் தேயத் தேய ஊர் வருவது, இரண்டாவது தெரு வரை வந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு தெருதான் பாக்கி, புது டயர் போட்டால் பனைமரத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும், அதற்குள் தான் இருப்போமோ மாட்டோமோ. சொல்லி முடிக்கும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நொச்சிப்புதூர் இல்லாமல் போனதில் தங்களுக்குக் கிடைத்ததெல்லாம் யாரிடமிருந்து எடுத்தது என்று ஸ்டாண்டில் இருந்தவர்கள் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

"ஏம்ப்பா இன்னாசி" என்றார் ராக்கியண்ணன். "காத்தப் புடுங்குனா வீலு சின்னதாகுமா?"

"ஆகுங்."

"பாரம் ஏத்துனா?"

இன்னாசிமுத்து அவருடைய வயிற்றைப் பார்த்தான். "நல்லாவே ஆகுங்" என்றான்.

புது டயரை நாளைக்குப் போடலாம் என்று முடிவாயிற்று. சென்னியப்பன் வீட்டுக்கு ஓடிச் சேலையை எடுத்துவந்தார். படையலிலிருந்த தேங்காயும் பழமும் வெல்லமும் தட்டுகளுக்கு மாறின. மூலச்சத்திரத்திலேயே கனமான ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார்கள். ராக்கியண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்ததும் கார் ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. பின்னால் அரிசி மண்டிக்காரர், சமையல்காரர் சுப்பணன், தன்னைக் கூப்பிடவில்லையே என்று கோபித்துக்கொண்டு வந்த மளிகைக் கடைக்காரர் மனைவி என்று ஆளுக்கொரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து ஏறினார்கள். இன்னாசிமுத்து நான்கு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கி, இதற்கு மேல் பிடுங்கினால் இரும்பு தரையில் பட்டுவிடும் என்ற இடத்தில் நிறுத்தினான். கார், மழையில் நனைந்த எருமைபோல் அசைந்து அசைந்து புறப்பட்டது.

பனைமரம் வந்தது, பிள்ளையார் வந்தார். களம் முழுதாக வந்தது. முதல் தெருவும் இரண்டாவது தெருவும் வந்தன, சனங்கள் பூஜையைப் போட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள். ரேஷன் கடை வந்தது, அதன் பூட்டிய கதவும் திண்டும் வந்தன. அதற்கு அப்பால் புகைபோக்கி தெரிந்தது.

சென்னியப்பன் பிரேக்கை மிதித்தார். ஒரு அடி முன்னால் எடுத்தால் ஊரைத் தாண்டிவிடும். மூன்றாவது தெரு அந்த ஒரு அடிக்குள் எங்கோ இருந்தது.

"எல்லாரும் நல்லா அழுத்தி உக்காருங்கப்பா" என்றார் ராக்கியண்ணன். அழுத்தி உட்கார்ந்தார்கள். ரேஷன் கடைக்கு அந்தப் பக்கம் இருந்த அடிபைப்பின் கைப்பிடி மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. மளிகைக் கடைக்காரர் மனைவி, இத்தனை வருஷம் கழித்து நொச்சிப்புதூரைப் பார்த்ததில் வயிறு புரட்டி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, அவ்வளவுதான், இனி முடியாது என்றார் சென்னியப்பன்.

அப்போது, புகைபோக்கிக்கும் அடிபைப்புக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து மயிலாத்தாள் நடந்து வந்தாள். காரைக் கண்டவர்கள் யாரோ முன்னாலேயே ஓடிச் சொல்லியிருக்க வேண்டும். சமையலைப் பாதியில் விட்டு வந்த கோலம், கையில் கரண்டிகூட இருந்தது. அவளுக்குப் பின்னால் அவள் மருமகனும் பக்கத்து வீட்டுக்காரரும், கீலிலிருந்து கழற்றிய வீட்டுக் கதவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அதற்கும் பின்னால் இடுப்பில் பிள்ளையோடு தாரணி வந்தாள்.

கார் நின்ற இடத்துக்கு எதிரே, நடு ரோட்டில், அந்தக் கதவை நிமிர்த்தி வைக்கச் சொன்னாள் மயிலாத்தாள். மருமகனும் பக்கத்து வீட்டுக்காரரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். பிறகு ஒரு ஓரமாக அதைத் தள்ளித் திறக்கச் சொன்னாள்.

"இதான் என்ற வாசல்" என்றாள். "எறங்குங்கண்ணா. எல்லாரும் பாக்கறாங்க."

சென்னியப்பன் இறங்கினார். ஆட்கள் மட்டும் இறங்கவில்லை; இறங்கினால் பாரம் குறைந்து ஊர் மறைந்துவிடும் என்று ராக்கியண்ணன் யாரையும் அசையவிடவில்லை. ஜன்னல் வழியாகவே தட்டுகளை ஒவ்வொன்றாக நீட்டினார்கள். சென்னியப்பன் ஒவ்வொன்றாக வாங்கித் தங்கையின் கையில் கொடுத்தார். சேலையைத் தாரணியின் தோளில் போட்டபோது அவள் காலில் விழுந்தாள், இடுப்பில் இருந்த குழந்தை பட்டின் ஜரிகையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. யாரும் அதை விலக்கவில்லை.

"நாளைக்குப் புது டயரு போடறாங்க மயிலு" என்றார் சென்னியப்பன். "மறுக்காவும் ஊரு மறஞ்சு போயிரும்."

"போடட்டுமுங். எத்தன உசுருக்கு ஒதவுது." அவள் தட்டுகளை மருமகனிடம் மாற்றிக் கொடுத்தாள், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். "காத்தாலைகிட்ட நிறுத்திப்போட்டு நடந்து வாங்க. இனி கதவு சாத்த மாட்டேன்."

"நான் தாண்டிப் போறது உனக்கெங்க தெரியப் போகுது?"

மயிலாத்தாள் கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க தாண்டறப்பெல்லாம் எங்கூருல அத்தன பேருக்கும் ஒரே நேரத்துல கொட்டாவி வருமுங்கண்ணா. ஆடு மாட்டுக்குக்கூட வரும். சென்னியப்பன் காரு போகுதுன்னு சொல்லிக்குவாங்க" என்றாள். "கொட்டாவி வந்தாக் கண்ணுல தண்ணி வருமல்லங். இத்தன நாளும் நான் அப்பிடித்தான் சொல்லிச் சமாளிச்சிருக்கேன்."